போகும் சத்தமும் வரும் படமும்

அப்பாவின் முதலாம் ஆண்டுத் திவசத்தை அண்ணன் லண்டனில் இருந்தபடி வீடியோவில்தான் பார்த்தார். அகதி வழக்கு இன்னும் முடியாததால் அவர் இங்கே வர முடியாது. அப்பாவின் செத்தவீட்டில் நடந்த இறுதிச் சடங்கையும் அப்படித்தான் பார்த்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

மட்டக்களப்புக்குப் பக்கத்தில், தன்னாமுனையில் எங்கள் வீடு வாவிப் பக்கம். அங்கே சிக்னல் ஒரு நிலையில் நிற்காது. கணவர் படையல் இலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் அப்பாவின் படத்துக்கு நேரே போனைப் பிடித்திருந்தேன். அண்ணன் அழத் தொடங்கினார். அழுத வாய் திறந்தபடியே படம் உறைந்து நின்றது.

"அண்ணன், கேக்குதா?"

பதில் இல்லை. திரும்பவும் கேட்டேன். அதற்கும் இல்லை.

லைன் போய்விட்டது என்று நினைத்து, போன் கையில் இருக்கவே கணவரிடம் திரும்பினேன். "அப்பா படுக்கையில கிடக்கக்குள்ள அள்ளிக் கழுவினது நாம. இவர் போனுக்குள்ள இருந்து அழுதா மகன்ட கடமை முடிஞ்சிருமா? நல்லா நடிக்கிறார்."

கணவர் பதறிப்போய் போனைக் காட்டினார். அப்போதுதான் அண்ணனின் குரல் வந்தது.

"ஓம், கேக்குது. வடிவாக் கேக்குது."

அது நான் முதலில் கேட்ட கேள்விக்கான பதில். வழியில் சுணங்கி, தாமதமாக இப்போது வந்து சேர்ந்திருந்தது. பிறகு படமும் அசைந்தது. அண்ணன் அழுகையை நிறுத்தியிருந்தார். கன்னத்தில் ஈரம் இருந்தது. என்னைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தபடி, "சரி, நீங்க சாப்பிடுங்க. எனக்கு வேலைக்குப் போகணும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

நான் சாப்பிடாமலே இலையை மடித்தேன்.

நான் மட்டக்களப்பு நகரில் ஒரு கணினி நிலையத்தில் வலையமைப்புப் பாடம் படிப்பிக்கிறவள். அதை நினைக்க இன்னும் கேவலமாக இருந்தது. அந்த வாரப் பாடமே சுற்று மாற்றலும் பொதி மாற்றலும்தான், அதாவது பேச்சைக் கொண்டுபோகும் இரண்டு முறைகள். பழைய தொலைபேசியில் இரண்டு பேருக்கிடையில் ஒரு பாதையைத் திறந்து, வைக்கும்வரை அவர்களுக்கென்றே ஒதுக்கி வைப்பார்கள். பேசாமல் இருந்தாலும் அது அவர்களுடையதுதான். இணையத்தில் அப்படி ஒதுக்குவதில்லை. பேச்சு துண்டு துண்டாகிப் பொதிகளாகப் போகும். எல்லோருடைய பொதிகளும் ஒரே பாதைகளில் நெருக்கியடித்துப் போவதால் சில சுணங்கும், சில தொலைந்துபோகும். பாதை வீணாகாது. ஆனால் ஒழுங்காகப் போய்ச் சேரும் என்ற உறுதியும் இல்லை. பலகையில் இவ்வளவும் கீறி முடித்தபோது பின்வரிசைப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்.

"மிஸ், வீடியோ கோல்ல அங்கால படம் நிண்டுட்டா, நம்மட சத்தமும் நிண்டிருமா?"

"இல்ல. போறது வேற, வாறது வேற. நமக்கு அவங்களத் தெரியாட்டியும், அவங்களுக்கு நம்மட சத்தம் போய்க்கொண்டே இருக்கலாம்."

பலகைப் பக்கம் திரும்பி, அழிக்கத் தேவையில்லாத ஒன்றை அழித்தேன்.

அன்று பின்னேரம் அண்ணனுக்குச் சாதாரண அழைப்பு எடுத்தேன். இப்போதெல்லாம் அதுவும் உள்ளே பொதிகளாகத்தான் போகிறது. ஆனால் அதில் முகம் காட்டத் தேவையில்லை.

"அண்ணன், அண்டைக்கு நான் சொன்னது..."

"எதுகா?" என்றார், எங்கள் ஊர்ப் பேச்சின் அந்தக் 'கா'வை விடாமல்.

"திவசத்தண்டு. போன்ல."

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. லைன் இருக்கிறதா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

"எனக்கு ஒண்டும் கேக்கல்லகா" என்றார் கடைசியில். "இடையில வெட்டுப்பட்டுட்டு. சரி, அப்பாவுக்கு என்னென்ன கறி படைச்ச?"

கேட்டது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல நேரம் வராது. நானோ கத்தரிக்காயில் தொடங்கி ஒவ்வொரு கறியாகச் சொல்லிக்கொண்டு போனேன். அவர் நீட்டிய பொய்யைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிட்டேன்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் கதைக்கிறோம். அப்பாவைப் பற்றிய பேச்சு வந்து குரல் தழுதழுத்தால் அவர் கமராவை நிறுத்திவிடுகிறார்.

"இஞ்ச சிக்னல் சரியில்ல" என்கிறார்.

"ஓம் அண்ணன்" என்கிறேன்.