அழிக்கச் சொன்னவர்

சிதம்பரத்தில் நான் வேலை பார்க்கும் குழந்தைகள் கிளினிக்கின் லினக்ஸ் கம்ப்யூட்டரில் டேட்டாபேஸ் சர்வர் நிறுவ, கடலூரிலிருந்து ஒருவர் வந்தார். ஒல்லியானவர், என் வயதுதான் இருக்கும். ஒவ்வொரு கட்டளையையும் முணுமுணுத்துப் படித்த பிறகே என்டரைத் தட்டுவார்.

தடுப்பூசிப் பதிவுகளை ஏற்றி, அவற்றுக்குப் பேக்கப் நகல் எடுத்ததும் நாற்காலியை என்னிடம் தள்ளினார்.

"இப்ப எல்லாத்தையும் அழிங்கக்கா."

"ஐயோ, அத்தன கொழந்தைங்க ஊசி விவரம்! என் பொண்ணுதும் இருக்கு."

"நான் போனப்புறம் அழிஞ்சா யாரு கொண்டாருவா? இப்பவே அழிச்சுப் பாத்துடுங்க."

அழித்தேன். அவர் எழுதித் தந்த தாளைப் பார்த்து, பேக்கப்பிலிருந்து நானே மீட்டேன். முதலில் மகள் பெயரைத் தேடினேன். இருந்தாள்.

"அவ்ளோதான்க்கா" என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

நான் மீட்கத் தவறியிருந்தால் உதவ, அந்தப் பையில் இன்னொரு நகல் இருந்ததா என்று அன்று கேட்கவில்லை. இருந்திருக்கும் என்றுதான் இன்றும் என்னைத் தேற்றிக்கொள்கிறேன்.