அந்த நம்பர் யார் பேரில்?

போன வாரம் ஹட்டனில் ஒரு போன் கம்பெனி கவுண்டரில் நான் போட்ட சத்தம், வெளியே பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். அவ்வளவு கோபம்!

காரணம், செல்வி. கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பாலர் பாடசாலை டீச்சர். என்னிடம் படித்த பிள்ளை. மஸ்கெலியாவில் மாப்பிள்ளை பார்த்து, பரிசம் போட நாளும் குறித்தாயிற்று. அப்போதுதான் ஆரம்பித்தது அந்தப் போன். மாப்பிள்ளையின் அண்ணனை யாரோ ஒரு பொம்பளை கூப்பிட்டு, "அந்தப் புள்ளைக்கு ஏற்கெனவே ஒருத்தனோட பழக்கம். நல்லா விசாரிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள். ஒரு தடவை இல்லை... திரும்பத் திரும்ப! பரிசத்தைத் தள்ளி வைத்துவிட்டார்கள். அண்ணன்காரர் அந்த நம்பரை மட்டும் செல்வியின் அப்பாவுக்கு அனுப்பியிருந்தார். நாங்கள் கூப்பிட்டால் யாரும் எடுப்பதில்லை.

"மானநஷ்ட வழக்கே போடுவோம், வா" என்று செல்வியைக் கிளப்பிக்கொண்டு போனேன்.

கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாகத்தான் சொன்னாள். "வேற ஆளோட பேர், விவரம் தர ஏலாது சார். சட்டம் விடாது. கோர்ட் ஆர்டர் வேணும். இல்லாட்டி பொலிஸ் விசாரிச்சு, முறைப்படி கேக்கணும்."

"வழக்குப் போடத்தானேம்மா பேரைக் கேக்குறேன்? பேர் தெரியாம யார் மேல போடுறது?"

"அதையும் கோர்ட்லதான் கேக்கணும் சார். வழக்குப் போடப் போறேன்னு வர்ற எல்லாருக்கும் எடுத்துக் குடுக்க முடியுமா? அவங்கவங்க பேர்ல உள்ளதை மட்டும்தான் அவங்கவங்களுக்குச் சொல்லலாம்."

இது என்ன கூத்து? ஒரு பெண்ணின் வாழ்க்கை அந்தரத்தில் தொங்குகிறது. அவள் மேல் சேறு வீசுகிறவளுக்கு இத்தனை பந்தோபஸ்தா?

"அப்ப இவ பேர்ல உள்ளதையாவது சொல்லித் தொலைங்க!" என்றேன். வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்கிற வீம்புதான். செல்வி அடையாள அட்டையை நீட்டினாள்.

அந்தப் பெண் திரையைப் பார்த்து ஒவ்வொரு நம்பராக வாசித்தாள். வாசித்தாள்... வாசித்துக்கொண்டே இருந்தாள். ஒரு பிள்ளைக்கு இத்தனை சிம்மா? நடுவில் ஒரு நம்பர் வந்ததும், செல்வி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அதே நம்பர்!

பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். கோயில் தேர்த் திருவிழா என்றால், பெரிய குடை விரித்து இலவசமாக சிம் கொடுக்க ஆட்கள் வருவார்கள். எங்கள் லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பலரிடம் அடையாள அட்டை இருக்காது. பிறப்புச் சான்றிதழே இருக்காது, அட்டை எங்கே இருக்கும்? லயத்தில் யாரிடம் அட்டை இருக்கிறதோ, அவர் பேரில் மொத்த லயத்துக்கும் சிம். பக்கத்து வீட்டுக்கு மிளகாய்த்தூள் கொடுப்பது மாதிரி அடையாளத்தையும் கொடுத்துவிடுகிறோம்!

"இது யாருக்குக் குடுத்ததுன்னு ஞாபகம் இருக்காம்மா?"

"எங்க அத்தைக்கு சார்" என்றாள். "அவங்க இதைப் போட்டு யாரும் பார்த்ததில்ல. நாங்க மாமா நம்பருக்குத்தான் பேசுவோம். அவங்க மகனை நான் வேணாம்னு சொன்னேன்ல..."

அப்பாவின் கூடப் பிறந்த தங்கை. அதே லயம். தினம் ஒரே பைப்பில் தண்ணீர் பிடிக்கிறவர். பெற்ற பிள்ளை போலத் தூக்கி வளர்த்தவர் இதைச் செய்வாரா? செய்திருக்கிறார்!

செல்வி அழவில்லை. "மஸ்கெலியாவுக்குப் போவோம் சார். வேற யாரும் சொல்றதுக்கு முந்தி நானே சொல்லிடுறேன்" என்றாள்.

மாப்பிள்ளையின் அண்ணன் முன்னால் நின்று, "அந்த நம்பர் என் பேர்லதாங்க இருக்கு" என்று அவள் ஆரம்பித்தபோது எனக்கு உயிரே இல்லை. அவர் முழுவதையும் கேட்டார்.

"நானும் அந்தக் கம்பெனிக்குப் போனேங்க, போன மாசமே. எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன், குடுக்க மாட்டேன்னுட்டாங்க. குடுத்திருந்தா, 'புள்ளையே புடிக்காம இப்படிப் பண்ணுது'ன்னு அன்னைக்கே சம்பந்தத்தை முறிச்சிருப்போம். பொய் பேசுற பொண்ணு இதை வந்து சொல்லாது. பரிசத்துக்கு நாள் பாருங்க."

கேட்டீர்களா? நான் எந்தக் கதவைத் திறக்கச் சொல்லிக் கத்தினேனோ, அந்தக் கதவு பூட்டியிருந்ததால்தான் செல்வி தப்பித்தாள்.

அத்தையிடம் யாரும் மூச்சுவிடவில்லை. அப்பாவுக்கு இருப்பது ஒரே தங்கை. செல்வி அந்த சிம்மை மட்டும் சத்தமில்லாமல் கட் பண்ணிவிட்டாள்.

நேற்று அத்தை வந்து வாசலில் நின்றாராம். "செல்வி, அத்தையோட பழைய சிம் வேலை செய்யலடி. உன் ஐடென்டி கார்டைக் கொஞ்சம் குடேன், புதுசு ஒண்ணு எடுக்கணும்!"

அதற்கு செல்வி என்ன பதில் சொன்னாள் என்கிறீர்களா? அதை வெளியே சொல்ல எனக்கும் கோர்ட் ஆர்டர் வேண்டும்!