பிழிந்தெடுத்த பீட்சா

ஹோட்டலின் அடித்தளத்து லாண்டரியில் அவளைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அவள் உட்பட. பிழியக்கா என்றால்தான் தெரியும். துவைத்த படுக்கை விரிப்புகளைச் சுழற்றித் தண்ணீரை எடுக்கும் பெரிய இரும்பு மெஷின் அவள் பொறுப்பு. விரிப்பின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் ஓடட்டும்" என்பாள். அவள் சொன்னால் சரியாக இருக்கும். இந்தத் தொடுகிற பழக்கம் வேலையோடு நிற்கவில்லை. ஒருமுறை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் சட்டைக் கையைத் தொட்டு ஈரமா என்று பார்த்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அடித்தளத்துக்கு ஒரே ஒரு ஜன்னல், கூரையை ஒட்டி. தெருவில் போகிறவர்களின் கணுக்காலும் வண்டிச் சக்கரங்களும் மட்டும் அதில் தெரியும். அவள் வீட்டுக்காரர் ஓட்டும் பஸ் அந்த வழியாகத்தான் போகும். தாண்டும்போது ஹாரனை இரண்டு தடவை சின்னதாகத் தட்டுவார். விருந்தினர் தூங்குமிடம், ஹாரன் அடிக்காதீர் என்று வெளியே பலகையே தொங்குகிறது.

"பலகை ஊர்ல இருக்கறவங்களுக்கு. நான் என் பொண்டாட்டிக்கு அடிக்கிறேன்" என்பார். அவள் திட்டுவாள். ஆனால் அந்தச் சத்தம் கேட்காத நாளில் அவளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

அந்த ஹாரனுக்குத்தான் ஆபத்து வந்தது. பஸ் கம்பெனியின் வருஷாந்திர பரிசோதனையில் டிரைவருக்குச் சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது. மூன்று மாதத்தில் குறையாவிட்டால் ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி டிப்போ வாசலில் உட்கார வைப்போம், சம்பளம் மாறாது என்று கம்பெனி டாக்டர் சொல்லிவிட்டார்.

"வாசல்ல உக்கார நான் என்ன பூந்தொட்டியா?" என்று வீட்டுக்கு வந்து குதித்தார். லீவு நாளில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இல்லாத பிரேக்கை அமுக்குகிற மனிதர். பஸ்ஸைப் பிடுங்கினால் ஆள் பாதியாகிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். பயந்துபோனாள்.

இனிப்பை விட்டார். ரொட்டியை விட்டார். உருளைக்கிழங்கையும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே விட்டார். பீட்சாவிடம் வந்ததும் ஒற்றைக் காலில் நின்றார். கடைசி ஸ்டாப்புக்கு எதிரே ஒரு பீட்சா கடை. ஷிப்ட் முடிந்ததும் டிரைவர்கள் எல்லாரும் அங்கேதான் ஒரே மேஜையில் உட்காருவார்கள்.

"அதையும் விடணும்னா என்னைய சேத்து விட்டுடு" என்றார்.

"விட வேணாம். நானே செஞ்சு தர்றேன். வெளிய மட்டும் தொடக் கூடாது." அவர் தலையாட்டினார். அவர் தலை சுலபமாக ஆடும் என்பதை அவள் அப்போது யோசிக்கவில்லை.

மைதாவுக்குப் பதில் காலிஃபிளவரில் அடி செய்யலாம் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி போகிற போக்கில் சொல்லியிருந்தாள். பிழியக்கா பூவைத் துருவினாள், வேகவைத்தாள், முட்டையும் சீஸும் சேர்த்துப் பிசைந்து தட்டில் பரப்பி ஓவனில் வைத்தாள். வெளியே வந்ததை டிரைவர் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"ஸ்பூன் குடு" என்றார்.

அடுத்த தடவை சீஸைக் கூட்டினாள். எண்ணெய் குளம் கட்டியது. அதற்கடுத்து அதிக நேரம் வைத்தாள். ஓரம் கரிந்து நடுவில் கொழகொழவென்றே இருந்தது. அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது: இத்தனைக்கும் காரணம் தண்ணீர்! உலகத்துத் துணியெல்லாம் தொட்டு ஈரம் பார்த்தவள் சொந்த அடுப்படியில் கோட்டை விட்டிருக்கிறாள். துணியில் கட்டிக் கையால் பிழிந்து பார்த்தாள். வருஷக்கணக்காக ஈர விரிப்புகளைத் தூக்கித் தூக்கி மணிக்கட்டு தேய்ந்திருந்தது. பாதித் தண்ணீர்கூட வரவில்லை.

மறுநாள் கொதிநீரில் அலசிய புதுத் தலையணை உறைக்குள் வெந்த காலிஃபிளவரைப் போட்டு, இறுக்கிக் கட்டி, லாண்டரிக்குக் கொண்டுபோய்விட்டாள். அந்த மெஷினில் ஒரு பக்கம் மட்டும் பாரம் இருந்தால் பேய் மாதிரி ஆடும். அதனால் மூட்டையைச் சுற்றி ஹோட்டல் விரிப்புகளை வைத்துச் சமன் செய்தாள். நிறுத்தித் திறந்தபோது காலிஃபிளவர் மரத்தூள் மாதிரி உதிர்ந்தது.

அன்று அடியை மட்டும் முதலில் சுட்டுத் திருப்பிப் போட்டு, இரண்டு பக்கமும் சிவந்த பிறகே மேலே அடுக்கினாள். கடையில் விற்கிற தக்காளி சாஸில் சர்க்கரை கொட்டிக் கிடக்கிறது என்று, கொத்தமல்லியும் பூண்டும் அரைத்துத் தடவினாள். அதன்மேல் காளான், குடைமிளகாய், சீஸ். டிரைவர் ஒரு துண்டை ஓரத்தில் பிடித்துத் தூக்கினார். அது தொங்கவில்லை.

"ஏய், நிக்குதுடீ!" என்றார். தட்டைத் துடைத்து வைத்தார்.

அதன்பின் வாரத்தில் பாதி நாள் தலையணை உறை லாண்டரிக்குப் போய் வந்தது. மாட்டிக்கொள்ளாமல் இருக்குமா? மேலே ஒரு விருந்தினர், என் படுக்கை வெந்த காலிஃபிளவர் நாற்றம் அடிக்கிறது என்று வரவேற்பில் சண்டை பிடித்தார். சூப்பர்வைசர் கீழே வந்து விரிப்பு விரிப்பாக முகர்ந்துகொண்டு வந்தார். மெஷின் அருகில் வருவதற்குள் அவளுக்கே பொறுக்கவில்லை.

"மோந்து பாக்க வேணாம் சார். நான்தான்."

"என்ன நீங்கதான்?"

"காலிஃபிளவர். மெஷின்ல பிழிஞ்சேன். வீட்டுக்காரருக்கு பீட்சா செய்ய."

சூப்பர்வைசரிடம் எல்லாத் தப்புக்கும் ஒரு வசவு தயாராக இருக்கும். இதற்கு இல்லை. பிறகு மெஷினை வேறொருவருக்குக் கொடுத்து, அவளைத் துணி மடிக்கும் மேஜைக்கு மாற்றினார். வேலை போகவில்லையே என்று நிம்மதிப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் தன் மெஷினை இன்னொருத்தி தட்டி நிறுத்துகிற சத்தம் கேட்டபோது அவளுக்கு அழுகை முட்டியது.

வீட்டுக்குப் போய்த் துவைக்க எடுத்தது டிரைவரின் யூனிபார்ம் சட்டை. வயிறு முன்னால் தள்ளுகிற இடத்தில் ஒரு கறை. நடுவில் சிவப்பு, சுற்றிலும் எண்ணெய் வளையம். தக்காளி சாஸ். அவள் வீட்டில்தான் தக்காளி சாஸே கிடையாதே.

அவள் கத்தவில்லை. சட்டையின் மற்ற இடத்தையெல்லாம் வெளுக்கத் துவைத்து, கறையைத் தொடாமல் விட்டு, மொடமொடவென்று இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டினாள். ஒரு கறையை அவள் தெரிந்தே விட்டுவைத்தது அதுதான் முதல் தடவை. காலையில் டிரைவர் சட்டையைப் பார்த்துத் திருதிருவென விழித்தார்.

"இதுக்காகத்தான் நேத்து என் மெஷின் போச்சு" என்றாள். "உங்களுக்கு பஸ் வேணாம்னா சொல்லிடுங்க. நானும் ஒழுங்கா துணி மடிச்சிட்டுப் போறேன்."

அவர் கறையை விரலால் சுரண்டினார். "உன்னோடது நல்லாத்தான் இருக்கு. அங்க எல்லாரும் சாப்பிடறப்ப நான் மட்டும் சும்மா உக்காந்தா கேப்பாங்க. சீக்காளின்னு தெரிஞ்சா, அப்புறம் பாக்கற பார்வையே வேற. அதான் ஒரு துண்டு..."

"ஒரு துண்டா?"

"ரெண்டு."

கறைச் சட்டையோடுதான் வேலைக்குப் போனார். சாயங்காலம் ஒரு பெரிய காலிஃபிளவரோடு வந்து, கேட்காமலே துருவி, வேகவைத்து, துணியில் கட்டி, அடுப்படித் தரையில் உட்கார்ந்து பிழிய ஆரம்பித்தார். பவர் ஸ்டியரிங் இல்லாத காலத்தில் பழகிய கை. தண்ணீர் கொட்டியது. நெற்றியில் வேர்வை வழிய, "போதுமா?" என்றார்.

அவள் மூட்டையைத் தொட்டுப் பார்த்தாள். "இன்னும் இருக்கு."

"மெஷினே தேவலாம்" என்று முனகிக்கொண்டு மறுபடி முறுக்கினார். சுட்ட பீட்சாவை அவள் அந்தக் கடையின் பழைய அட்டைப் பெட்டியிலேயே வைத்துக் கொடுத்தாள். இனி மேஜையில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஒருவன் மட்டும் ஒரு துண்டைப் பிடுங்கித் தின்றுவிட்டு, கடையில் மாஸ்டர் மாறிட்டானா என்று கேட்டானாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மறுபரிசோதனை நாள் வந்தது. காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு டிப்போவில் காத்திருக்க வேண்டும். சரியாக இருந்தால் சாவியைக் கொடுப்பார்கள். பிழியக்கா விரிப்புகளை மடித்தபடி கூரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். அவருடைய பஸ் வருகிற நேரத்துக்கு ஒரு பஸ்ஸின் சக்கரங்கள் வந்தன. ஹாரன் இல்லாமல் கடந்து போயின. அவள் கை அப்படியே நின்றது. வேறு யாரோ ஓட்டுகிறார்கள். பூந்தொட்டி என்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது.

பின்னாலேயே இன்னொரு பஸ் வந்தது. அதன் சக்கரங்கள் ஜன்னலுக்கு நேரே நின்றன. சின்னதாக இரண்டு தட்டு இல்லை. ஹோட்டல் முழுக்க எழுந்து உட்காருகிற மாதிரி ஒரே நீள ஹாரன்.

"எவன்யா அவன்!" என்று சூப்பர்வைசர் படியேறி ஓடினார்.

"பலகை இருக்கு, பலகை இருக்குன்னு நானும் எத்தனை தடவைதான் சொல்றது" என்று பிழியக்கா திட்டினாள். கையிலிருந்த விரிப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி துவைக்கிற கூடையில் போட்டாள்.