பழவேற்காட்டில் புயல் எழுப்பிய மணல்மேடும் அதை இடித்த ஜேசிபியும்

போன கார்த்திகையில் புயல் கடந்த மூன்றாம் நாள் பழவேற்காட்டுக்குப் போனேன். புயலுக்குப் பிந்தைய கடற்கரையைப் படம் பிடிப்பது என் பித்து. கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் இரவு ஷிப்ட் முடிந்ததும் மின்சார ரயிலில் பொன்னேரி. அங்கிருந்து பேருந்தில் சுமார் பதினெட்டு கிலோமீட்டர். ஏரிப் பாலம் தாண்டிக் கடற்கரைக்குப் போக ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய்.

புயல் அலைகள் கரையை அரித்து, அந்த மணலில் ஒரு பங்கை மேலே வீசி, இடுப்பளவு மேடாகக் குவித்திருந்தன. பிறகு வந்த சாதுவான அலைகள் மேட்டின் அடியைப் பிறை பிறையாகக் குடைந்திருந்தன. பிறையின் முனைகளில் கிளிஞ்சல், குழிவில் மாவு போன்ற மணல். லேசான மணலை நீர் இழுத்துப்போன இடங்களில் கனமான கருமணல் கோடு கோடாகத் தங்கியிருந்தது. (வெயில் சாய்வாக விழும்போதுதான் இதெல்லாம் எடுப்பாகத் தெரியும்.)

நாலு படம்கூட எடுத்திருக்க மாட்டேன். ஒரு ஜேசிபி வந்து மேட்டை வாரித் தள்ள ஆரம்பித்தது. மனை விற்கும் யாரோ விளம்பரப் படம் எடுக்கிறார்களாம். மேடு கடலை மறைக்கிறதாம்!

மேட்டுக்குப் பின்னால் இருந்த குப்பத்திலிருந்து ஸ்டெல்லா என்ற பெண் ஓடிவந்து வண்டிக்கு முன்னால் நின்றார்.

“யோவ், நிறுத்துயா! கரை அரிச்சிப்போச்சு, இந்த மேடும் இல்லன்னா சாயந்தரம் தண்ணி எங்க ஊட்டுக்குள்ள வரும். இன்னா நெனச்சிக்கினு கீற?”

“நான் இன்னாக்கா பண்றது? வண்டி ஓனரு சொன்னாரு, வந்தேன்” என்றார் டிரைவர்.

படப்பிடிப்பு மேலாளர் குடைக்கடியில் உட்கார்ந்தபடியே, “சும்மா மணல்தானேம்மா, அடுத்த அலையில வந்துடும்” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “சார், இது புயல் போட்ட மேடு. சாதாரண அலை இவ்ளோ உயரத்துக்கு மணலைத் தூக்காது. அடுத்த புயலையும் நீங்களே கூட்டிக்கினு வருவீங்களா?” என்று கத்தினேன்.

டிரைவர் இன்ஜினை அணைத்தார். அதற்குள் ஒரு லாரி நுழையும் அகலத்துக்கு மேடு காலி. மணலைத் திரும்பத் தள்ளச் சொன்னோம். ஓனர் போனிலேயே மறுத்து வண்டியை வரச்சொல்லிவிட்டார். மேலாளரோ அந்த இடைவெளி வழியாகக் கடலைப் படம்பிடித்துக்கொண்டு கிளம்பினார்.

குப்பத்து ஆட்களோடு நானும் சாக்கில் மணல் நிரப்பி அடுக்கினேன். இடைவெளியில் பாதிகூட அடைபடவில்லை. சாயங்காலம் கடல் ஏறியபோது தண்ணீர் அந்த வழியாகப் புகுந்து ஸ்டெல்லாவின் வீட்டு அரிசியையும் பாய்களையும் நனைத்தது. மேடு மிஞ்சியிருந்த பக்கத்து வீடுகளில் ஒரு சொட்டு இல்லை.

“அவங்களுக்குக் கடல் தெரியலன்னாங்களே, அண்ணே. இப்ப எனக்கு ஊட்டுக்குள்ளயே தெரிது” என்றார் ஸ்டெல்லா, ஈர அரிசியை அள்ளிக்கொண்டே.

போகிறவர்கள் புயல் ஓய்ந்த இரண்டு மூன்று நாளுக்குள், கடல் இறங்கியிருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். நிழல் கிடையாது, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டின் மேல் ஏறி மிதிக்காதீர்கள். யாராவது அதில் வண்டியை ஏற்றினால் கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டு முன்னால் போய் நில்லுங்கள். படம் அப்புறம் எடுக்கலாம்.