நல்ல தண்ணி

மீன் கூடையிலிருந்து சொட்டும் தண்ணீரின் வாடை மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்குக் கடல் நினைவு வரும். எனக்கு வேடசந்தூர் நினைவு வருகிறது. கடலும் இல்லாத, ஆற்றிலும் பாதி வருஷம் மணல் மட்டுமே கிடக்கிற வேடசந்தூர்ப் பக்கம்.

அறுபதுகளின் தொடக்கம். கல்லூரியில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு முடித்திருந்தேன். அந்தக் கோடை விடுமுறையில் எங்களில் சிலரை இராமேசுவரம் பக்கத்தில் ஓர் ஆய்வு நிலையத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அலை விலகிய பாறைகளில் குனிந்து குனிந்து நடந்தே இடுப்பு ஒடிந்தது. பயிற்சியின் கடைசி வேலை, அவரவர் ஊர்ப்பக்கம் போய், கடல் பார்க்காதவர்களுக்குக் கடலைக் காட்டுவது. நான் திண்டுக்கல்காரி. எனக்கு விழுந்தது வேடசந்தூரைத் தாண்டி ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம்.

மருந்தில் ஊறிய மீன்களும் பாசிகளும் புட்டிகளில் இருந்தன. அவற்றைப் பற்றிக் கவலையில்லை, செத்தது மறுபடி சாகாது. கவலையெல்லாம் மடியில் வைத்திருந்த கண்ணாடித் தொட்டியைப் பற்றித்தான். அதில் கடல் தண்ணீர், இரண்டு நட்சத்திர மீன்கள், காலிச் சங்குக்குள் குடியிருக்கிற ஐந்து நண்டுகள். கூடவே ஒரு டின்னில் மாற்றுத் தண்ணீர். "உயிரோட கொண்டு போறே, உயிரோட காட்டணும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார் எங்கள் பேராசிரியர். ரயிலிலும் பஸ்ஸிலும் அந்தத் தொட்டியைக் கைக்குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு வந்தேன். டின்தான் பஸ்ஸில் கவிழ்ந்து பாதியாகிப் போனது.

பள்ளிக்கூடத்தைப் பெருக்கிப் பூட்டித் திறக்கும் அக்கா வீட்டில் தங்கினேன். முப்பது வயது இருக்கும். வாய் ஓயாத சிரிப்பு. "ஏத்தா, நண்டப் பாக்க வயக்காட்டுக்குப் போனாப் போதாதா, ராமேசுரம் வரைக்குமா போவாக?" என்று வந்ததும் வராததுமாக வாரினாள்.

மறுநாள் காலை தொட்டியைப் பள்ளிக்கூடத்தில் வைத்துவிட்டு, வீடு வீடாகப் போய்ச் சாயங்காலம் கண்காட்சி என்று சொல்லி வந்தேன். உச்சிவெயிலில் திரும்பி உள்ளே நுழைந்தால், தொட்டி பளபளவென்றிருந்தது. தண்ணீர் பளிங்கு மாதிரி. நட்சத்திர மீன்கள் தொய்ந்து கிடந்தன. நண்டுகளில் இரண்டு சங்கை விட்டு வெளியே வந்து மல்லாந்திருந்தன.

"யாரு தண்ணிய மாத்துனது?" என் குரல் எனக்கே அந்நியமாக ஒலித்தது.

"நான்தேன் தாயி. ஒரே நாத்தம், மஞ்சளா நொரை வேற. வாயில்லாச் சீவன், அதுல எப்புடிக் கெடக்கும்? கழுவிட்டு நல்ல தண்ணி ஊத்துனேன்" என்றாள் அக்கா.

நல்ல தண்ணி. அந்த ஊர்க் கிணறுகளெல்லாம் உப்பு. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் காவி. நல்ல தண்ணிக்கு இரண்டு மைல் நடக்க வேண்டும். அன்று விடியலில் அவள் குடத்தோடு போனதைப் பார்த்திருந்தேன். இப்போது அந்தக் குடம் சுவரோரம் கவிழ்ந்து கிடந்தது. முழுக்குடமும் தொட்டிக்குள்.

திட்ட வேண்டும் போலிருந்தது. காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. குனிந்து ஒரு நண்டை விரலால் புரட்டிப் பார்த்தேன்.

"ஏன்த்தா, ஆகாதா?"

"ஆகும்க்கா" என்றேன்.

அவள் அந்தப் பக்கம் போனதும் டின்னில் மிச்சமிருந்த கடல் தண்ணீரை ஒரு சட்டியில் ஊற்றி எல்லாவற்றையும் அதற்கு மாற்றினேன். வெகுநேரம் கழித்து ஒரு நண்டு காலை அசைத்தது. பிறகு இன்னொன்று. மற்றவை அசையவே இல்லை.

சாயங்காலம் ஊரே வந்தது. உயிரோடிருந்த இரண்டையும் நடுவில் வைத்து, அடுத்தவன் சங்கில் குடியிருக்கும் நண்டின் கதையைச் சொன்னேன். "ஏலே, நம்ம மச்சான் மாமியார் வீட்டுல இருக்க மாதிரில்ல இருக்கு!" என்று யாரோ சொல்ல, பள்ளிக்கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கும்போது முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண்பிள்ளை கேட்டாள்:

"இத நல்ல தண்ணியில விட்டா பொழைக்குமாக்கா?"

பதில் எனக்குத் தெரியும். பாடத்தில் படித்திருந்தேன், பரீட்சையில் எழுதியிருந்தேன். கடல் உயிரின் உடம்புக்குள் நல்ல தண்ணீர் புகுந்து புகுந்து ஊதிக் கொன்றுவிடும். அதைச் சொல்லத்தான் அங்கே அனுப்பப்பட்டிருந்தேன். வாசல் நிலையில் சாய்ந்து அக்கா நின்றிருந்தாள்.

"தெரியலைம்மா" என்றேன்.

அந்தப் பிள்ளை நம்பிக் கொண்டது. அக்கா என்னையே பார்த்தாள். பிறகு சட்டியைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

அன்று நான் சொன்னது அன்பா, ஏமாற்றா? ஒரு பிள்ளையின் சரியான கேள்வியைக் கொன்று, ஒருத்தியின் முகத்தைக் காப்பாற்றினேனா? காப்பாற்றவாவது செய்தேனா? நடுவயதைத் தொட்டுவிட்டேன், இன்னும் பிடிபடவில்லை. நல்லது என்று நினைத்து யாருக்கு எதைச் செய்யக் கையெடுத்தாலும், அந்தக் கவிழ்ந்த குடம் கண்ணில் வந்து கையைச் செத்த நேரம் நிறுத்துகிறது. அதுவே போதுமோ என்னவோ.

மறுநாள் காலை பஸ் ஏற்றிவிட அக்கா வந்தாள். காலி டின்னைத் தூக்கி என் காலடியில் வைத்தாள். பஸ் உறுமியதும் சன்னல் கம்பியைப் பிடித்துக் கொண்டு, முதல் நாள் சிரிப்பு பாதி திரும்பிய முகத்தோடு சொன்னாள்:

"அடுத்த தடவ வந்தா மொதல்லயே சொல்லிப்புடு தாயி. உப்புத் தண்ணிதேன வேணும்? அதுக்கா எங்கூர்ல பஞ்சம்!"