அம்மா ஒட்டிய கார்

எங்கள் வீட்டுக் கார் அப்பாவைவிட வயதில் மூத்தது. அதை வைத்துத்தான் அப்பா முரசுமோட்டையில் வாடகைக்கு ஓடினார். பிள்ளைப்பேற்றுக்குக் கிளிநொச்சி ஆசுபத்திரிக்குப் போகிறவர்கள், கல்யாண வீட்டுக்காரர்கள், முல்லைத்தீவுக் கச்சேரியில் அரசாங்க அலுவல் உள்ளவர்கள் எல்லோரும் அதில்தான் போனார்கள். ஆட்கள் கிடைக்காத நாட்களில் அப்பா பூநகரியிலிருந்து மீன் ஏற்றி வருவார். மீன் வந்த அன்று குசினி மணக்கும். கார் ஒரு கிழமைக்கு மணக்கும்.

அந்த மீனே காருக்கு வினையாக வந்தது. பெட்டிகளிலிருந்து வடிந்த உப்புத் தண்ணீர் டிக்கிக்கு அடியில் தேங்கி, பின்சில்லுகளின் ஸ்பிரிங் தகடுகளைக் காரோடு பிடித்து வைத்திருக்கும் இடங்களைக் கறள் தின்றுவிட்டது. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும். டிக்கிக்குள் கிடக்கும், காரைத் தூக்கும் ஜக்தான் உருளுகிறது என்றார் அப்பா. ஜக்கை எடுத்து வீட்டில் வைத்த பிறகும் அது உருண்டது. ஒருநாள் பரந்தன் பக்கம் பிரேக் பிடித்தபோது காரின் பின்பக்கம் தன்பாட்டில் வேறு திசைக்குப் போகப் பார்த்திருக்கிறது. உள்ளே ஒரு நிறைமாதக்காரி இருந்திருக்கிறார். அவரைப் பத்திரமாக இறக்கிவிட்டு ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்த அப்பா அன்று சோற்றைத் தொடவில்லை.

கார் திருத்தும் கராஜ் பாஸ் வந்து காரின் அடியில் படுத்துக் குத்திப் பார்த்தார். இரும்பு பிஸ்கட் போல உதிர்ந்தது.

"இதில எங்கை ஒட்டுறது, கறளிலையோ? பழைய இரும்புக்குக் குடுத்திட்டு வேறை ஒண்டைப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அம்மா அப்போது கிளிநொச்சியில் ஒரு பட்டறையில் கேற்றும் யன்னல் கம்பியும் ஒட்டும் வேலை செய்துவந்தார். சண்டை முடிந்து மீளக் குடியேறிய புதிதில் பெண்களுக்குத் தொழில் பழக்கியபோது, தையல் வகுப்பில் இடமில்லாமல் வெல்டிங்குக்குப் போய்ச் சேர்ந்தவர். பாஸ் போனதும் அவர் சுத்தியலோடு காரின் அடியில் புகுந்து அங்குமிங்கும் தட்டிக் கேட்டார். வெளியே வந்தபோது முகமெல்லாம் கறள் தூள்.

"நல்ல இரும்பு வருமட்டும் வெட்டுவம். அதுக்கு மேல தகடு போடுவம்" என்றார்.

பெரியப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "கேற்று ஒட்டுற மாதிரியே இது?" என்று கேட்டார்.

"கேற்று விழுந்தா மதிலோட சாஞ்சு நிக்கும், அத்தான். இதுக்குள்ள ஆக்களெல்லோ இருப்பினம். அதாலதான் தடிச்ச தகடாப் போடுறன்."

பட்டறையில் கேட்டு வாங்கிய வெல்டிங் இயந்திரம் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வந்து இறங்கியது. முதலில் பெட்ரோல் தாங்கியைக் கழற்றித் தூரத்தில் வைத்தார்கள். பிறகு காரைப் பனங்குற்றிகளில் ஏற்றி, ஸ்பிரிங்குகளைக் கழற்றி, உக்கிய இரும்பை அம்மா வெட்டி எறிந்தார். புதுத் தகடுகளை வைத்ததும் உடனே ஒட்டிவிடவில்லை. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் குறுக்கே நூல் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். கொஞ்சம் பிசகினாலும் கார் சரிந்து சரிந்து ஓடும் நாயைப் போலாகிவிடும் என்றார். அளவு சரி வந்த பிறகு நாலு இடத்தில் மட்டும் தொட்டு ஒட்டினார். அதற்குப் 'பொட்டு வைக்கிறது' என்று பெயர். பிறகும் ஒருமுறை நூல் பிடித்துவிட்டுத்தான் முழுதாக ஒட்டினார். அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் கண் போய்விடும் என்று என்னையும் தம்பியையும் குசினிக்குள் விட்டிருந்தார்கள். சுவரில் நீலமாக மின்னி மின்னி மறைந்ததைத்தான் நாங்கள் கண்டோம். எங்கள் அம்மா மின்னல் செய்கிறார் என்று தம்பிக்குச் சொன்னேன். அவன் நம்பினான். எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் இருந்தது.

எல்லாம் பூட்டி முடிந்த அன்று பின்னேரம், பின்சீற்றுக்கும் டிக்கிக்கும் ஆட்களின் பாரத்துக்கு நெல்மூட்டைகளை ஏற்றினார்கள். வாய்க்கால் வீதியில், பள்ளம் பார்க்காமல் ஓடிப் பார்ப்பதென்று முடிவு. நானும் தம்பியும் தலைவாரி, நல்ல உடுப்புப் போட்டு வந்து நின்றோம். எங்களுக்கு இடமில்லை என்றார்கள். ஆனால் அம்மா மட்டும் மூட்டைகளுக்கு நடுவே நெருக்கியடித்து ஏறி உட்கார்ந்தார்.

"நீர் இறங்கி நில்லும். நான் தனியப் போட்டு வாறன்" என்றார் அப்பா.

"ஒட்டினது நான். தகடு அசைஞ்சா எனக்குத்தான் சத்தம் விளங்கும்."

"ரெண்டு பேரும் போறது சரியில்லை. பிள்ளையள் இருக்கினம்."

அம்மா எங்களைப் பார்த்தார். பிறகு எங்களோடு இருந்த தன் தங்கையைப் பார்த்தார். "அவள் நிக்கிறாள்தானே" என்றார்.

கார் போய்விட்டது. நான் கோபத்தில் வேலியோடு போய் நின்றேன். சித்தி வந்து எங்கள் இரண்டு பேரின் கைகளையும் பிடித்துக்கொண்டார். வியர்த்திருந்த அந்தக் கையை உதறிப் பார்த்தேன், விடவில்லை.

இருட்டுவதற்குள் கார் திரும்பியது. 'டொக்' இல்லை. அம்மா இறங்கியதும் முதல் வேலையாக அடியில் படுத்து, தான் ஒட்டிய இடங்களை விரலால் தடவிப் பார்த்தார். எழும்பி வந்து, "இனி ஏறுங்கோ" என்றார். எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆனாலும் ஓடிப் போய் ஏறினேன். சந்தி வரையும் போய் வந்தோம். கடைவாசலில் நின்ற எல்லோருக்கும், பெரியப்பாவுக்கும்கூட, யன்னலால் கை காட்டினேன். எங்கள் அம்மா ஒட்டிய கார் என்று கத்தினேன். அப்பா அதைத் தடுக்கவில்லை. பிற்காலத்தில் அவரே ஏறுகிறவர்களிடமெல்லாம், "பின்பக்கம் எங்கட வீட்டுக்காரி ஒட்டினது" என்று சொல்லத் தொடங்கினார். அதைக் கேட்டுவிட்டு முன்சீற்றுக்கு மாறி உட்கார்ந்தவர்களும் உண்டு. அந்தத் தகடுகளின் மேல்தான் எத்தனையோ பிள்ளைகள் ஆசுபத்திரிக்குப் போய்ப் பிறந்தார்கள்.

அன்று அப்பா எங்களையும் ஏற்றச் சொல்லித்தான் அம்மாவிடம் வாதாடினார் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். அம்மா சித்தியைக் காட்டியது, அந்த ஒரு பின்னேரம் எங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று சொல்லத்தான் என்றும் நினைத்திருந்தேன். வழியில் தகடு விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதும், அம்மா எவ்வளவு காலத்துக்கு எங்களை ஒப்படைத்துவிட்டுப் போனார் என்பதும், என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற சித்திக்குத் தெரிந்திருந்தது.