நாலாவது சாதனம்

கரைக்கும் தீவுக்கும் நடுவே பயணிகளையும் லாரிகளையும் ஏற்றிக்கொண்டு ஓடும் கப்பலில் கீழ்த்தளத்து டீக்கடை அவளுடையது. உண்மையில் அது கம்பெனிக் கடை. ஆனால் பதினொரு வருஷமாக அங்கே அவள் ஒருத்தியே நின்றதால் அவளுடையது என்றே எல்லோரும் சொன்னார்கள், அவளும் மறுக்கவில்லை. கப்பலில் அவளுக்குப் பெயர் கடையக்கா. அலை அடிக்கும் நாளில் கொதிக்கிற கெட்டிலைக் கம்பியால் எப்படி இழுத்துக் கட்டுவது, யார் முகம் வெளுத்தால் முந்திக்கொண்டு காகிதப் பையை நீட்டுவது, எந்த லாரி டிரைவர் சர்க்கரையே ஆகாது என்று சொல்லிவிட்டு இரண்டு கரண்டி அள்ளிப் போட்டுக்கொள்வார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

பயணம் நாலு மணி நேரம். முதல் முக்கால் மணி நேரம் கை ஓயாது. அப்புறம் பயணிகள் கண்ணயர்ந்துவிடுவார்கள். கிட்டத்தட்ட அதே நேரத்தில் போனில் சிக்னலும் போய்விடும். மீதி நேரத்தை ஓட்ட வேண்டுமானால், பார்க்க வேண்டியதைக் கரையிலேயே டவுன்லோடு செய்து கொண்டுவர வேண்டும். கப்பலில் வேலை செய்பவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். கடையக்கா மட்டும் ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுடைய பழைய போனில் அதற்கெல்லாம் இடமில்லாததால்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு கொழுந்தனின் மனைவி சின்னவளுக்கு வேலை வேண்டும் என்றபோது மேற்பார்வையாளரிடம் போய்ப் பேசியது கடையக்காதான். “நம்ம வீட்டுப் பொண்ணு சார், நான் பாத்துக்கறேன்” என்று பொறுப்பேற்றுக்கொண்டாள். சின்னவள் எட்டு மாதம் படி துடைத்தாள். ஒன்பதாவது மாதம் பயணிகளைக் கவனித்துக்கொள்ள அவளை மேல்தளத்து ஏசி ஹாலுக்கு மாற்றிவிட்டார்கள். நீலக் கோட்டு, சட்டையில் வில்லை, உட்காருவதற்கு ஒரு நாற்காலி. கடையக்கா பதினொரு வருஷமாகப் போட்டிருந்தது அதே ஏப்ரன்தான். ஓரம் நைந்தால் புதிதாகத் தருவார்கள், அதுவும் ஏப்ரன்தான்.

“பரவால்ல, கெட்டிக்காரி” என்று வாயால் சொன்னாள். வயிறு வேறு மாதிரி சொன்னது.

வயிறு எரிவதற்கு ஹால் மட்டும் காரணமில்லை. மேலிருந்து இறங்கி வருகிற குழந்தைகள் கடை முன்னால் நின்று, “நாங்க மேல் அக்காகிட்ட போறோம்” என்று அம்மாக்களிடம் அடம் பிடித்தார்கள். திரும்பி வரும் பயணத்தில் சின்னவளுக்குத் தின்பண்டம் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தவர்களும் உண்டு. பதினொரு வருஷத்தில் எத்தனை பேருக்கு வாந்தி துடைத்திருப்பாள் கடையக்கா! ஒருவராவது ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்ததுண்டா? மேலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் கை தானாகக் கோப்பைகளை நங் நங்கென்று வைத்தது.

அப்படியிருக்கும்போதுதான் அவள் புதுப் போன் வாங்கினாள். வாங்கிய ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே கொழுந்தன் தன் வீடியோ அக்கவுண்ட்டின் பாஸ்வேர்டை அனுப்பிவைத்தான். இரண்டு குடும்பத்துக்கும் அந்த ஒரு அக்கவுண்ட்தான். ஊரே பேசிய குடும்பத் தொடர் ஒன்றைத் தேடிப் பிடித்து, கீழ்நோக்கிய அம்பைத் தொட்டாள். பெட்டி ஒன்று திறந்தது: ‘டவுன்லோடு செய்யக்கூடிய சாதனங்களின் எண்ணிக்கை நிறைந்துவிட்டது.’

இரண்டாம் முறை தொட்டாள். மூன்றாம் முறையும் அதே பெட்டி.

“ஏங்க, இதப் பாருங்களேன். எனக்கு மட்டும் தரமாட்டேங்குது.”

கணவர் செய்தித்தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “தம்பிகிட்ட கேளு. இல்லேன்னா சின்னவகிட்ட கேளு, அவளுக்குத்தான் இதெல்லாம் தெரியும்.”

அவளுக்குத்தான் தெரியும். எரிச்சல் மூள அந்த வார்த்தையே போதும். கடையக்கா செட்டிங்குக்குள் தானே நுழைந்து துழாவினாள். கடைசியில் ஒரு பட்டியல் கிடைத்தது. நாலு சாதனங்கள். இரண்டு போன்கள், அகலத் திரை டேப்லெட் ஒன்று, இன்னொரு போன். போன்களுக்குப் பெயருக்குப் பதில் ஏதோ எண்ணும் எழுத்தும்தான் இருந்தது. டேப் யாருடையது என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. மேல் ஹாலில் மேஜை இழுப்பறையில் சின்னவள் வைத்திருக்கும் டேப் அது. போன் ஒன்று, டேப் ஒன்று, ஒருத்திக்கே இரண்டு! இவளுக்கு ஒன்றுகூட இல்லை. ஹாலையும் எடுத்துக்கொண்டாள், நாற்காலியையும் எடுத்துக்கொண்டாள், இதிலும் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

டேப்புக்கு எதிரே ‘நீக்கு’ என்றிருந்தது. நீக்கினாள்.

அடுத்த நிமிஷமே அம்பு வேலை செய்தது. ஏழு எபிசோடு இறங்கின. அவசரத்தில் விரல் தவறி நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கும் நிகழ்ச்சி ஒன்றும் கூடவே இறங்கியது. அதை அழிக்கத் தெரியாமல் விட்டுவிட்டாள். ஏழும் சரியாக வந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றையும் திறந்து ஒரு நிமிஷம் ஓடவிட்டுப் பார்த்தாள். அன்று படுக்கும்போது நெஞ்சு கொஞ்சம் குறுகுறுத்தது. ஆனால் அதைவிட இனிப்பாகவும் இருந்தது.

திங்கள், செவ்வாய் சின்னவளுக்கு விடுமுறை. திங்கட்கிழமை கடையக்கா இரண்டு எபிசோடு பார்த்தாள். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடச் சுற்றுலாக் கும்பல் ஏறியதில் நிமிரவே நேரமில்லை. புதன்கிழமை காலை சின்னவள் வந்து, டேப்பை இழுப்பறையிலிருந்து எடுத்துச் சார்ஜில் போட்டாள். துறைமுக வைஃபை பட்டதும் டேப் நீக்கல் வேலையைச் சத்தமில்லாமல் செய்து முடித்தது. அது யாருக்கும் தெரியாது.

கப்பல் புறப்பட்டு ஒன்றரை மணி நேரம் ஆனதும் அடியில் ஏதோ கடகடவென்று இழுபட்டது. இன்ஜின் அணைந்தது. அறுந்து மிதந்த மீன்வலை ஒன்று கப்பலின் உந்துவிசிறியில் சுற்றிக்கொண்டுவிட்டதாம். கரையிலிருந்து முக்குளிப்பவர் படகில் வந்து வெட்டி எடுக்கும்வரை நின்ற இடத்திலேயே ஆட வேண்டியதுதான். மின்சாரத்தைச் சேமிப்பதற்காக ஹாலின் ஏசியை நிறுத்தினார்கள். ஓடும் கப்பலைவிட நிற்கும் கப்பல் அதிகமாக ஆடும். சற்று நேரத்தில் மேலிருந்து குழந்தைகளின் அழுகை இறங்கி வந்தது. ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்து, பிறகு எண்ண முடியாத அளவுக்கு.

சின்னவள் படியில் தடதடவென்று இறங்கி வந்தாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

“அக்கா, உங்க போன்ல ஏதாவது டவுன்லோடு பண்ணி வெச்சிருக்கீங்களா?”

“ஏன்?”

“டேப்ல ஒண்ணுமே இல்லக்கா. பொம்மைப் படம், பாட்டு, மூணு மாசமா பாத்துப் பாத்துச் சேத்து வெச்சேன். பசங்களுக்குக் குமட்ட ஆரம்பிச்சதும் அதத்தான் போட்டு உட்கார வெப்பேன். எல்லாம் துடைச்ச மாதிரி போயிடுச்சு. நான்தான் ஏதோ தப்பா அழுத்திட்டேன் போல.”

தான் நீக்கியது இதையெல்லாம்தான் என்று கடையக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சிரிப்புச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்தது. ஏப்ரன் பையிலிருந்து போனை எடுத்துத் தொடரைத் தொட்டாள். ‘காலாவதியாகிவிட்டது.’ அடுத்ததும் காலாவதி. ஏழும் அப்படியே. பார்க்காத ஐந்தும்கூட.

“எப்ப திறந்தீங்க?” என்றாள் சின்னவள்.

“ஞாயித்துக்கிழமை. சும்மா ஒரு நிமிஷம்தான் ஓட்டிப் பாத்தேன்.”

“ஒரு தடவை ஓட ஆரம்பிச்சா ரெண்டு நாள்தான்க்கா கணக்கு. திறக்காம வெச்சிருந்தா இருந்திருக்கும்.”

மிஞ்சியது திறக்காத ஒன்றே ஒன்று, நாய்ப் பயிற்சி.

இருவரும் மேலே போனார்கள். கடையக்கா போனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து நிற்க, இருபது குழந்தைகள் அவள் காலடியில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சொன்ன பேச்சுக் கேட்காத ஒரு கறுப்பு நாய், ஒரு செருப்பு, பொறுமையிழந்த ஒரு பயிற்சியாளர். முதல் முறை பார்த்தபோது அழுகை நின்றது. இரண்டாம் முறை சின்னவள் நாயின் குரலில் பேச ஆரம்பித்தாள். “செருப்ப நான் தரமாட்டேன், இது என் செருப்பு!” குழந்தைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். மூன்றாம் முறை எல்லோருமே நாயாகிவிட்டார்கள்.

கை கடுத்துப்போய் நின்றிருந்த கடையக்காவுக்கு அப்போதும் எரிந்தது. செய்த பாவம் தெரிந்திருந்தும் எரிகிறது. போன் என்னுடையது, தூக்கிப் பிடிக்கிறவளும் நான். கைதட்டு மட்டும் அவளுக்கு. இப்படி ஒரு மனமா எனக்கு என்று தன்னையே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

முக்குளிப்பவர் வந்து வலையை வெட்டி எடுக்க மூன்று மணி நேரமாயிற்று. இறங்கும்போது ஒரு சிறுமி ஓடிவந்து சின்னவளைக் கட்டிக்கொண்டாள். கடையக்காவைப் பார்த்து ஒரே ஒரு முறை குரைத்துவிட்டுப் போனாள்.

ஊழியர் வேனுக்காகத் துறைமுகச் சுவரோரம் நின்றார்கள். “நாளைக்கு மறுபடி முதல்லேருந்து சேக்கணும். என் புத்தியச் சொல்லணும்” என்று சின்னவள் தன் தலையிலேயே தட்டிக்கொண்டாள்.

அப்படியே விட்டிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவள் தன்னையே திட்டிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

“உன் தப்பு இல்ல. நான்தான் எடுத்தேன். பட்டியல்லேருந்து உன் டேப்ப நீக்கினது நான்தான்.”

சின்னவள் பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். “ஏன்க்கா? என்கிட்ட கேட்டிருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேனே?”

“உன்கிட்ட கேக்கணுமேன்னுதான் எரிச்சல். உனக்கு எல்லாம் கேக்காமலே வருது. எனக்கு டவுன்லோடு பண்ணக்கூட உன்கிட்ட வந்து நிக்கணுமா?”

“கேக்காமலே வருதா? எட்டு மாசம் படி துடைச்சேன். ஹாலுக்கு அனுப்புங்கன்னு மூணு தடவை எழுதிக் குடுத்தேன். அது தெரியுமா உங்களுக்கு?”

தெரியாது. வேன் வந்தது. சின்னவள் முன் இருக்கையில் ஏறி, பக்கத்தில் தன் பையை வைத்துக்கொண்டாள்.

பதினாறு நாள் பேச்சில்லை. ஒரே கட்டடத்தில் மேல் வீடு, கீழ் வீடு. முன்பு வாங்கிப்போன பாத்திரங்கள் கணவன்மார் வழியாகத் திரும்பி வந்தன. “உங்க ரெண்டு பேருக்கும் என்னதான் ஆச்சு?” என்று கேட்ட கணவரிடம், “செய்தித்தாளப் படிங்க” என்றாள் கடையக்கா.

அந்த நாட்களில் ஒரு காலை, கப்பல் கரையில் நிற்கும்போது, ரேடியோ அறைக்காரருக்கு டீ கொண்டுபோனவள் போனை நீட்டி, “இதோட சட்டதிட்டம் என்னன்னு எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க” என்றாள். அவர் பொறுமையாகச் சொன்னார். இந்த அக்கவுண்ட்டில் நாலு சாதனம் வரைதான் டவுன்லோடு செய்யலாம். யாரும் யாரையும் தடுப்பதில்லை, எண்ணிக்கை நிறைந்தால் அதுவாகவே நிறுத்திவிடும். ஓடவிட்ட படத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம். ஓடவிடாததற்கு முப்பது நாள். சில படங்களை ஒரு வருஷத்தில் இத்தனை தடவைதான் இறக்கலாம் என்று வேறு உண்டு. அவள் டீ பில் புத்தகத்தின் பின்னால் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

“இப்ப உங்க போனையும் சேத்து நாலு இருக்கு. தினம் ஓடுற ரெண்டுல ஒண்ணு உங்க கொழுந்தன் போன், இன்னொண்ணு அந்தப் பொண்ணு போன். இது யாரோடது? பத்து மாசமா தொடவே இல்லையே.”

அவள் எண்ணைப் பார்த்தாள். போன் பெட்டியின் மேல் பல தடவை பார்த்த எண். அவள் கணவருடைய போன். அதில் இறங்கியிருந்தது, மீன்தொட்டி கழுவுவது எப்படி என்று ஒரே ஒரு படம். போன வருஷம் இறக்கிவிட்டு மறந்திருக்கிறார். வீட்டில் மீன்தொட்டியே கிடையாது.

அன்று மாலை கணவருக்குக் கிடைத்த வரவேற்பை மேல் வீடுவரை கேட்டிருப்பார்கள். “மீனுமில்ல, தொட்டியுமில்ல, இதுக்கு ஒரு இடமா? ஊர் உலகத்துமேல பாஞ்சேனே, பக்கத்துலயே உட்கார்ந்திருந்தீங்களே!”

கணவரின் போனை நீக்கிவிட்டு, மாடியேறி, கதவைத் தட்டினாள்.

“டேப்புக்கு எடம் இருக்கு இப்ப. சேத்துக்கோ.”

சின்னவள் வாசலிலேயே நின்று டேப்பைத் தட்டிப் பார்த்தாள். பாட்டுகள் இறங்கின. குழந்தைகள் அதிகம் கேட்கும் பொம்மைப் படத்துக்கு மட்டும் ‘இந்த வருடத்துக்கான வரம்பு முடிந்தது’ என்று வந்தது. இதற்கு முன் அவள் இரண்டு முறை இறக்கியிருந்தாளாம். நீக்கியதோடு அதுவும் போயிற்று.

“அது போனது போனதுதான்” என்றாள் சின்னவள். குரலில் கோபம் இருந்தது. ஆனால் கதவைச் சாத்தவில்லை. “ஹாலுக்கு வரணும்னா எழுதிக் குடுங்க. கேக்காம யாரும் தரமாட்டாங்க.”

எழுதிக் கொடுத்தாள். மேற்பார்வையாளர் ஆச்சரியப்பட்டார். “ஏம்மா, இத்தனை வருஷமா நீ கேக்கவே இல்லையே? கடைய விட்டு வரமாட்டேன்னுல்ல நெனச்சிட்டு இருந்தோம்.” வியாழக்கிழமைகளில் மட்டும் இருவரும் இடம் மாறிக்கொள்ளலாம் என்றார். அவ்வளவுதான் கிடைத்தது.

முதல் வியாழக்கிழமை கடையக்கா நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஹால் நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலி நன்றாகத்தான் இருந்தது. குழந்தைகள் ஆறு பேர் டேப்பைச் சுற்றி அமைதியாக இருந்தார்கள். வலது பக்கம் ஒரு பையனின் முகம் வெளுப்பதை அவன் அம்மாவுக்கு முன்பே பார்த்து, பையை நீட்டிவிட்டாள். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். மனது நிறைந்தாற்போல் இருந்தது.

அப்போது கீழ்த்தளத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. லாரி டிரைவர்களின் குரல். நடுவே சின்னவளின் குரல். பதினொரு வருஷத்தில் அந்த ஆட்கள் ஒரு நாளாவது கடையில் இப்படிச் சிரித்ததுண்டா?

கடையக்கா எழுந்து படிவரை போய், எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.